கைத்துப்பாக்கிக்கு எந்தக் குழல்விட்டம்? சிகாகோ அறிக்கையும் அதன் மறந்துபோன பரிந்துரையும்

துப்பாக்கிக் குழலின் உள்விட்டம் காலிபர் எனப்படுகிறது; இந்தியாவில் துப்பாக்கி உரிமத்திலும் கடைப் பேச்சிலும் அதற்குப் ‘போர்’ என்ற பெயரும் உண்டு; இவ்வுரையில் அது குழல்விட்டம் என்று குறிக்கப்படுகிறது. கைத்துப்பாக்கி வாங்க முற்படுபவர் முதலில் கேட்பது எந்தக் குழல்விட்டம் நல்லது என்பதையே. பொதுமக்கள் கைத்துப்பாக்கி வைத்திருப்பதைச் சட்டம் பரவலாக அனுமதிக்கும் அமெரிக்காவில் இக்கேள்வி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் படைத்துறையையும் காவல்துறையையும் மருத்துவர்களையும் ஈடுபடுத்தி, அரசுக் குழுக்களையும் ஆய்வுக்கூடச் சோதனைகளையும் தோற்றுவித்திருப்பதால், விடை தேடுவதற்கு அந்நாட்டின் அனுபவமே தக்க இடமாகிறது. அவ்வனுபவத்தின் தொடக்கத்திலேயே ஓர் அறிக்கை இரண்டு பரிந்துரைகளைத் தந்தது. ஒன்று எண்ணாக இருந்ததால் எல்லோர் நினைவிலும் நின்றது. மற்றது உழைப்பைக் கோரியதால் நினைவிலிருந்து நழுவிப்போனது. இவ்வுரை இரண்டாவதன் பக்கம் நின்று பேசுகிறது.

முதலில் எண்களின் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அமெரிக்க வழக்கில் குழல்விட்டம் அங்குலத்தின் பின்னமாகவும் ஐரோப்பிய வழக்கில் மில்லிமீட்டராகவும் சொல்லப்படுவதால், .45 என்பது ஓர் அங்குலத்தை நூறு பங்காக்கினால் அதில் நாற்பத்தைந்து பங்கு, அதாவது 11.43 மில்லிமீட்டர் ஆகும். ஆனால் பெயரில் உள்ள எண் எப்போதும் உண்மையான அளவு அன்று. .38 ஸ்பெஷல் என்னும் தோட்டாவின் குண்டு உண்மையில் .357 அங்குல விட்டமுடையது. பழைய தோட்டாக்களில் குண்டின் விட்டமும் அதைத் தாங்கும் உறையின் வெளிவிட்டமும் ஒன்றாக இருந்து, பின்னர் குண்டு உறைக்குள் அடங்குமாறு சிறிதாக்கப்பட்டபோதும் பழைய பெயரே நீடித்துவிட்டது. .44 மேக்னம் என்பதன் குண்டும் .429 அங்குலமே. இதன் நடைமுறை விளைவு ஒன்றைச் சொல்ல வேண்டும்: .357 மேக்னம் ரிவால்வரில் .38 ஸ்பெஷல் தோட்டாவையும் இட்டுச் சுடலாம். ஆனால் மேக்னம் தோட்டாவின் உறை ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் நீளமாக்கப்பட்டிருப்பதால் அது .38 ரிவால்வரின் அறைக்குள் நுழையாது. வலிமை குறைந்த துப்பாக்கியில் வலிமை மிகுந்த தோட்டா இடப்படுவதைத் தடுக்கவே அந்த நீளம் கூட்டப்பட்டது.

ஆகவே குழல்விட்டத்தைத் தேர்தல் என்று சொல்லப்படுவது உண்மையில் தோட்டாவைத் தேர்தலே ஆகும். தோட்டா என்பது உறை, அடியில் தட்டினால் தீப்பற்றும் பொருள், உறைக்குள் வெடிமருந்து, நுனியில் குண்டு ஆகிய நான்கும் சேர்ந்தது. குண்டின் எடை கிரெய்ன் என்ற அளவையால் சொல்லப்படுகிறது. ஒரு கிரெய்ன் ஏறத்தாழ அரைக் குன்றிமணி எடை, துல்லியமாகச் சொன்னால் 0.065 கிராம். உலகெங்கும் படைகளில் வழங்கும் 9 மில்லிமீட்டர் பாராபெல்லம் தோட்டாவின் வழக்கமான குண்டு 124 கிரெய்ன், அதாவது எட்டு கிராம் எடையுடன் நொடிக்குச் சுமார் 350 மீட்டர் வேகத்தில் செல்கிறது. .45 ஏசிபி தோட்டாவின் குண்டு 230 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ பதினைந்து கிராம் எடையுடன் நொடிக்குச் சுமார் 255 மீட்டர் வேகத்தில் செல்கிறது. எடையில் பாதி வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கப்படும்போது கிடைக்கும் இயக்க ஆற்றல் இரண்டுக்கும் 490 ஜூலை ஒட்டியே அமைகிறது. ஒரு நூற்றாண்டுக் காலம் எதிரெதிர்க் கட்சிகளாக நின்ற இவ்விரண்டும் ஆற்றலில் ஏறத்தாழச் சமமானவை என்பது, இவ்விவாதத்துக்குள் நுழைபவர் எவரும் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி.

விவாதம் பிலிப்பைன்ஸ் தீவுகளில் தொடங்கியது. அமெரிக்கத் தரைப்படை 1873 முதல் .45 கோல்ட் தோட்டாவைச் சுடும் ரிவால்வரை, அதாவது தோட்டாக்கள் அடங்கிய உருளை சுழன்று சுடும் கைத்துப்பாக்கியை, ஏந்தியிருந்தது. 1892இல் அதைக் கைவிட்டு, எடையும் உதைப்பும் குறைந்த .38 லாங் கோல்ட் ரிவால்வருக்கு மாறியது. உதைப்பு என்பது குண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி சுடுபவரின் கையைப் பின்னே தள்ளும் விசை. 1899இல் தொடங்கிய பிலிப்பைன்ஸ் போரிலும், அதை அடுத்து மிண்டனாவோ, சூலு தீவுகளில் மோரோ எனப்படும் இசுலாமியக் குடிகளோடு நடந்த சண்டைகளிலும், வாளுடன் பாய்ந்து வருபவர் பல குண்டுகள் பட்ட பின்னும் நிற்காமல் வந்து தாக்கினார் என்ற முறையீடுகள் படை அதிகாரிகளிடமிருந்து வந்தன. அந்நியப் படையை எதிர்த்துத் தம் மண்ணில் உயிரைத் துச்சமாக மதித்து நின்ற அம்மக்களின் உறுதியும் அம்முறையீடுகளுக்குள் அடங்கியிருக்கிறது என்பதை இங்கே மறந்துவிடலாகாது. படைத்துறையோ அதைத் தோட்டாவின் குறையாகவே கண்டது. கிடங்கில் கிடந்த பழைய .45 ரிவால்வர்கள் மீண்டும் எடுத்து வழங்கப்பட்டன.

1904இல் படைக்கலத்துறையின் ஜான் தாம்சனும் படை மருத்துவர் லூயி லாகார்டும் இதைச் சோதித்து முடிவு சொல்லப் பணிக்கப்பட்டனர். பிற்காலத்தில் தம் பெயரால் அறியப்பட்ட கைப்பொறித் துப்பாக்கியை உருவாக்கச் செய்த தாம்சனே இவர். சிகாகோவின் கால்நடை வதைக்கூடங்களில் உயிருள்ள மாடுகளும் குதிரைகளும் சுடப்பட்டு, அவை விழ எடுத்த நேரம் குறிக்கப்பட்டது. மனிதச் சடலங்கள் தொங்கவிடப்பட்டு, குண்டு பட்டதும் அவை எவ்வளவு ஊசலாடின என்பது மதிப்பிடப்பட்டது. 7.65 மில்லிமீட்டர் முதல் .476 அங்குலம் வரை பல அளவுகள் சோதிக்கப்பட்டன. இன்றைய அளவுகோலால் பார்த்தால் இச்சோதனை மிகவும் பலவீனமானது: விலங்குகளின் எண்ணிக்கை மிகக் குறைவு, ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் சுடப்பட்டது, சடலத்தின் ஊசலாட்டமோ உயிருள்ள உடல் எப்போது செயலிழக்கும் என்பதற்கு எவ்வகையிலும் சான்றாகாது. அவ்விலங்குகள் பட்ட வதைக்கு ஈடான அறிவு அங்கே விளையவில்லை என்று சொல்வதே நேர்மை. எனினும் குழுவின் முடிவு திட்டவட்டமாக வந்தது: குறுகிய தொலைவில் எதிரியை நிறுத்த வல்ல கைத்துப்பாக்கியின் குழல்விட்டம் .45 அங்குலத்துக்குக் குறையலாகாது.

இதுவே அனைவரும் அறிந்த முதற்பரிந்துரை. அதே அறிக்கை, உடலில் உயிர்நிலைகள் என்று சொல்லத்தக்க இடங்கள் மிகச் சிறியவை என்பதால், கைத்துப்பாக்கி ஏந்தும் வீரருக்குக் குறிபார்த்துச் சுடுவதில் இடைவிடாத பயிற்சி தரப்பட வேண்டும் என்றும் சொன்னது. எண்ணைக் கொண்டு ஒரு புதிய துப்பாக்கியை வாங்கிவிடலாம். பயிற்சியை அப்படி வாங்க முடியாது. அமெரிக்கப் படை முதற்பரிந்துரையை ஏற்று, ஜான் பிரௌனிங் வடிவமைத்த .45 ஏசிபி தோட்டாவையும் அதைச் சுடும் தானியங்கிப் பிஸ்டலையும் 1911 மார்ச்சு 29 அன்று ஏற்றுக்கொண்டது. எம்1911 எனப்பட்ட அப்பிஸ்டல் 1985இல் 9 மில்லிமீட்டர் பெரெட்டா வரும்வரை எழுபத்து நான்கு ஆண்டுகள் படையின் பொதுக் கைத்துப்பாக்கியாக நீடித்தது. ஐரோப்பாவில் இதே காலத்தில் கியார்க் லூகர் உருவாக்கிய 9 மில்லிமீட்டர் தோட்டாவை 1904இல் செர்மானியக் கடற்படையும் 1908இல் தரைப்படையும் ஏற்றுக்கொண்டன. அமைதி வேண்டுபவர் போருக்கு ஆயத்தமாகட்டும் என்ற பொருளுடைய இலத்தீன் தொடரிலிருந்து அதற்குப் பாராபெல்லம் என்ற பெயர் வந்தது. இரண்டு உலகப் போர்களிலும் இவ்விரு தோட்டாக்களும் எதிரெதிரே நின்றன. எந்தப் போரின் முடிவையும் அவற்றின் விட்டம் தீர்மானிக்கவில்லை.

நிறுத்தும் ஆற்றல் என்று வழங்கும் தொடர் எதைக் குறிக்கிறது என்பதை மருத்துவம்தான் விளக்க வேண்டியிருந்தது. குண்டு பட்டவர் திரைப்படங்களில் பின்னோக்கித் தூக்கியெறியப்படுகிறார். ஆனால் நியூட்டனின் மூன்றாம் விதிப்படி குண்டு அவரைத் தள்ளும் அளவே துப்பாக்கி சுடுபவரையும் தள்ளுவதால், சுடுபவர் விழாதபோது பட்டவரும் அத்தள்ளலால் விழ முடியாது. குண்டு திசுவினூடே செல்லும்போது இரண்டு விளைவுகள் நிகழ்கின்றன. தன் பாதையில் உள்ளதை நசுக்கி நிலையான துளை ஒன்றை அது உண்டாக்குகிறது. அத்துளையைச் சூழ்ந்த திசு ஒரு கணம் விரிந்து மீண்டும் சுருங்குகிறது. இந்த இரண்டாவது விளைவு தற்காலிகக் குழிவு எனப்படும். நீள்துப்பாக்கிக் குண்டின் பெருவேகத்தில் அவ்விரிவே திசுவைக் கிழிக்கும். கைத்துப்பாக்கிக் குண்டின் வேகத்தில் பெரும்பாலான திசுக்கள் ரப்பரைப்போல விரிந்து பழைய நிலைக்கு மீண்டுவிடும் என்பதை, சான் பிரான்சிஸ்கோவில் இருந்த லெட்டர்மன் படை ஆய்வு நிறுவனத்தின் மருத்துவர் மார்ட்டின் ஃபாக்லர் 1980களில் நிறுவினார். ஆகவே கைத்துப்பாக்கியின் பயன் முழுவதும் அந்த நிலையான துளை எங்கே செல்கிறது, எவ்வளவு ஆழம் செல்கிறது என்ற இரண்டையே சார்ந்தது. மூளையிலோ கழுத்தை ஒட்டிய தண்டுவடத்திலோ பட்டால் மட்டுமே உடல் உடனே செயலற்றுப் போகும். மற்ற எவ்விடத்தில் பட்டாலும் இரத்தம் வடிந்து தீர்வதற்குக் காத்திருக்க வேண்டியதுதான். இதயமே சிதைந்தாலும், மூளையில் எஞ்சியிருக்கும் உயிர்வளியைக் கொண்டு ஒருவர் பத்துப் பதினைந்து நொடிகள் தம் விருப்பப்படி இயங்க முடியும். மோரோ வீரர் குண்டு பட்ட பின்னும் வந்து தாக்கியதன் விளக்கம் இதுவே; .45 ஏந்தியிருந்தாலும் பல வேளைகளில் அதுவே நிகழ்ந்திருக்கும்.

இவ்வுண்மை காவல்துறையின் நெஞ்சில் தைத்தது 1986 ஏப்ரல் 11 அன்று. மயாமி நகரை அடுத்து, வங்கிக் கொள்ளையர் இருவரை மத்தியப் புலனாய்வுக் கழகமாகிய எஃப்.பி.ஐ.யின் எட்டு முகவர்கள் மடக்கியபோது நடந்த துப்பாக்கிச் சண்டையில் முகவர் இருவர் இறந்தனர், ஐவர் காயமுற்றனர். சண்டையின் தொடக்கத்திலேயே ஒரு முகவரின் 9 மில்லிமீட்டர் குண்டு கொள்ளையருள் ஒருவரின் மேற்கையைத் துளைத்து, மார்புக்குள் புகுந்து நுரையீரலைக் கிழித்து, இதயத்தை எட்டாமல் சற்று முன்னே நின்றுவிட்டது. அக்காயத்தால் அவர் உயிர் பிழைத்திருக்க முடியாது. ஆனால் அதற்குப் பின்னும் அவர் நீள்துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே இருந்தார், முகவர்கள் இறந்ததும் அதற்குப் பிறகே. குண்டு இன்னும் சிறிது ஆழம் சென்றிருந்தால் என்ற எண்ணத்தில் கழகம் அத்தோட்டாவின்மீது பழியைச் சுமத்தியது. இங்கே கவனிக்கத்தக்க மற்றொரு செய்தி குறைவாகவே பேசப்படுகிறது. அச்சண்டையை முடித்துவைத்தவர் எட்மண்டோ மிரெலஸ் என்ற முகவர். இடக்கை சிதைந்த நிலையில், வலக்கையால் ரிவால்வரை ஏந்தி, நெருங்கி நடந்து சென்று அவர் சுட்டது .38 ஸ்பெஷல் தோட்டா. அத்தெருவில் இருந்த தோட்டாக்களுள் எளியவற்றுள் ஒன்று அது.

எனினும் அப்பழியிலிருந்து நன்மையும் விளைந்தது. 1987இல் எஃப்.பி.ஐ. காயவியல் வல்லுநர்களைத் தன் குவான்டிகோ பயிற்சியகத்துக்கு அழைத்து ஆராய்ந்தது. 1989இல் அக்கழகத்தின் யூரி பேட்ரிக் எழுதிய அறிக்கை, விட்டத்தையும் ஆற்றலையும் பின்னுக்குத் தள்ளி ஆழத்தை முதலில் வைத்தது. ஆழத்தை அளக்கப் பத்து விழுக்காடு ஜெலட்டின் கரைசலை உறையவைத்து, நான்கு பாகை செல்சியசில் குளிர்வித்த பாளங்கள் பயன்படுத்தப்பட்டன. அவை தசையை ஒத்த தடையைத் தருபவை. அவற்றுள் குண்டு குறைந்தது 12 அங்குலம், அதாவது 30 சென்டிமீட்டர் ஊடுருவ வேண்டும், 18 அங்குலத்தை மிஞ்சுதல் தேவையில்லை என்பது அளவுகோல் ஆயிற்று. மனித மார்பு அவ்வளவு தடிமன் இல்லையே என்ற ஐயத்துக்கு மயாமியே விடை சொல்கிறது: தாக்குபவர் நேராக நிற்பதில்லை, நீட்டிய கை குறுக்கே வருகிறது, குண்டு சாய்வாகப் புகுகிறது. வெறும் ஜெலட்டின், தடித்த உடை, இரும்புத் தகடு, சுவர்ப்பலகை, ஒட்டுப்பலகை, காரின் முன்கண்ணாடி ஆகிய தடைகளோடு இச்சோதனை நடத்தப்படுகிறது. அன்று ஊசலாடிய சடலங்களோடு ஒப்பிட்டால் அறிவு எவ்வளவு தொலைவு வந்துவிட்டது என்பது விளங்கும்.

அளவுகோல் சரியாக அமைந்தும் கழகம் மீண்டும் எண்ணின் பின்னே சென்றது. 1983இல் அறிமுகமாகியிருந்த 10 மில்லிமீட்டர் தோட்டா தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் முழு வலிமையின் உதைப்பு பலருக்குத் தாங்கவில்லை என்பதால் வெடிமருந்து குறைக்கப்பட்டது. குறைத்த மருந்துக்கு அவ்வளவு நீண்ட உறை தேவையில்லை என்பதால், உறையை ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர் குட்டையாக்கி 1990இல் .40 ஸ்மித் அண்ட் வெசன் என்ற புதுத்தோட்டா பிறந்தது. அமெரிக்கக் காவல்துறைகளில் அது வெகுவேகமாகப் பரவியது, எஃப்.பி.ஐ.யும் 1997இல் அதை ஏற்றது. 2014இல் அதே கழகத்தின் பயிற்சிப்பிரிவு ஓர் ஆவணத்தில், புதிய குண்டுகளின் வடிவமைப்பால் இத்தோட்டாக்கள் உண்டாக்கும் காயங்களுக்கிடையே வேறுபாடு காண்பது அரிது என்றும், சண்டைகளில் காவலர் சுடும் குண்டுகளுள் எழுபது முதல் எண்பது விழுக்காடு இலக்கில் படுவதே இல்லை என்றும், உதைப்புக் குறைந்த 9 மில்லிமீட்டரால் பெரும்பாலோர் விரைவாகவும் சரியாகவும் சுடுகிறார்கள் என்றும் எழுதி, 2016இல் அத்தோட்டாவுக்கே திரும்பியது. மயாமியில் பழி சுமத்தப்பட்ட விட்டம் முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதே கைகளுக்கு மீண்டு வந்தது. பத்தில் ஏழெட்டுக் குண்டுகள் வீணாகும் இடத்தில் குண்டின் அகலத்தை ஒரு மில்லிமீட்டர் கூட்டுவதால் பயன் என்ன என்ற வினாவைச் சிகாகோ அறிக்கையின் இரண்டாம் பரிந்துரை 1904இலேயே எழுப்பியிருந்தது.

மேலே புதிய குண்டுகளின் வடிவமைப்பு என்று குறிக்கப்பட்டது குழிமுனைக் குண்டை. நுனியில் குழி வைத்த இக்குண்டு உடலுக்குள் புகுந்ததும் மலர்ந்து விரிகிறது. விரிவதால் துளை அகலமாகிறது, வேகம் தணிகிறது, உடலைத் துளைத்து வெளியேறிப் பின்னால் நிற்கும் தொடர்பற்றவரைத் தாக்கும் வாய்ப்புக் குறைகிறது. இவ்வகைக் குண்டின் வரலாற்றில் இந்தியாவுக்கும் பங்குண்டு: கொல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையில் 1890களில் செய்யப்பட்ட விரியும் குண்டுகளால் இன்றும் அவை டம்டம் குண்டுகள் எனப்படுகின்றன, 1899ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் போரில் அவற்றைத் தடை செய்தது. அத்தடை போருக்கானது என்பதால் காவல்துறைகள் அவற்றைப் பயன்படுத்துகின்றன. படைகளோ பெரும்பாலும், முழுவதும் செம்புக் கலவையால் போர்த்திய, விரியாத குண்டைப் பயன்படுத்துகின்றன. தற்காப்புக்கு 9 மில்லிமீட்டர் போதும் என்று சொல்லும்போது குழிமுனைக் குண்டையே மனத்தில் கொள்ள வேண்டும். விரியாத குண்டு உடலையும் வீட்டுச் சுவரையும் கடந்து செல்லக்கூடியது.

தற்காப்புக்கான தேர்வில் கையின் அளவும் வலிமையும் முதலிடம் பெறுகின்றன. எடை குறைந்த சிறிய துப்பாக்கி பையில் அடங்குவது எளிது. ஆனால் அதே தோட்டா எடை குறைந்த துப்பாக்கியில் மிகுந்த உதைப்பைத் தரும், குட்டைக் குழலில் வேகமும் குறையும். நானூறு கிராம் ரிவால்வரில் .357 மேக்னத்தைச் சுட்டுப் பழகுவது தேர்ந்தவர்க்கே துன்பம். துன்பம் தரும் துப்பாக்கியை எவரும் பயிற்சிக்கு எடுப்பதில்லை, பயிற்சிக்கு எடுக்கப்படாத துப்பாக்கி நெருக்கடியில் உதவுவதில்லை. தோட்டாவின் விலையும் இங்கேதான் கணக்கில் வருகிறது: மலிவாகக் கிடைக்கும் தோட்டா மிகுதியாகச் சுடப்படுகிறது. மணிக்கட்டு நோயோ முதுமையோ உடையவருக்கு .38 ஸ்பெஷலும், அதுவும் இயலாதபோது .22 அளவும் கூடப் பொருந்தலாம். இலக்கில் படும் சிறு குண்டு, படாத பெருங்குண்டைவிட மேலானது. இந்தியாவில் இத்தேர்வு பெரும்பாலும் சட்டத்தால் முன்கூட்டியே முடிந்துவிடுகிறது. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டமும் அதன் விதிகளும் 9 மில்லிமீட்டர் உள்ளிட்ட படைத்துறைத் தோட்டாக்களைச் சுடும் பிஸ்டல்களைப் பொதுமக்களுக்குத் தடைசெய்த வகையில் வைத்திருப்பதால், உரிமம் பெற்றவர் கையில் பெரும்பாலும் .32 ரிவால்வரே இருக்கிறது. பெண்களுக்கென்று 2014இல் கான்பூரிலிருந்து வெளிவந்த ‘நிர்பீக்’ ரிவால்வரும் அவ்வளவினதே. அத்தோட்டாவின் ஆற்றல் 150 ஜூலை ஒட்டியது, 9 மில்லிமீட்டரில் மூன்றிலொரு பங்கு. அதை வைத்திருப்பவர் குறியை மட்டுமே நம்ப முடியும்.

காட்டிலும் மலையிலும் நிலைமை வேறு. மனிதருக்கு எதிராக மிகையாகிவிடும் ஊடுருவல், பெருவிலங்குக்கு எதிராகத் தேவையாகிறது. அமெரிக்க மேற்கு மலைகளில் நடப்பவர்களும் பொறி வைப்பவர்களும் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்வது பெரும்பாலும் சிறு வேலைகளுக்கே, அதற்கு 1887 முதல் வழங்கிவரும் .22 லாங் ரைஃபிள் தோட்டா போதும். பாம்புக்கென்று சிறு ஈய மணிகள் நிறைத்த தோட்டாக்களும் விற்கப்படுகின்றன. விலகி நடந்தால் பாம்பும் விலகிவிடும் என்பதால் அவற்றின் தேவை மிகச் சிலருக்கே. பெருவிலங்குக்கென்று எழுந்தவை மேக்னம் தோட்டாக்கள், அதாவது பழைய தோட்டாவின் உறையை நீட்டி மிகுதியான வெடிமருந்து இட்டவை. 1935இல் .357 மேக்னம் வந்தது. அதன் ஆற்றல் எழுநூறு ஜூலைத் தாண்டியது. ஐடஹோ மாநிலத்தின் மாட்டுப்பண்ணையாளரும் எழுத்தாளருமான எல்மர் கீத் பல ஆண்டுகள் தாமே மருந்தேற்றிச் சோதித்ததன் விளைவாக 1955இல் .44 மேக்னம் உருவாயிற்று; அது ஆயிரம் ஜூலுக்கும் மேல் செல்லும். 2003இல் வந்த .500 ஸ்மித் அண்ட் வெசன் மூன்றாயிரத்தையும் தாண்டுகிறது, ஆனால் அதைச் சுடும் ரிவால்வர் இரண்டு கிலோகிராமை ஒட்டிய எடையுடையது. அவ்வளவு எடையை இடுப்பில் சுமப்பவர் இரண்டாம் நாளே அதைக் கூடாரத்தில் விட்டுச் செல்வார்.

பழுப்புக் கரடிக்கு எதிராக எடுத்துச் செல்லும் தோட்டாவில் குழிமுனைக் குண்டு தவறான தேர்வு. தடித்த தோல், கொழுப்பு, திரண்ட தோள்தசை, கனத்த எலும்பு ஆகியவற்றைக் கடந்து குண்டு உள்ளே செல்ல வேண்டியிருப்பதால், ஈயத்தோடு வெள்ளீயமும் ஆன்டிமனியும் சேர்த்து வார்த்த, விரியாத, தட்டைமுனைக் கனத்த குண்டே பொருந்தும். இக்காரணத்தால்தான் காவல்துறை கைவிட்ட 10 மில்லிமீட்டர் காட்டில் மறுவாழ்வு பெற்றது. பனிக்கரடிகள் உலவும் வடகிழக்குக் கிரீன்லாந்தில் நாய்வண்டிகளில் காவல் சுற்றும் டென்மார்க்கின் சிரியஸ் படைப்பிரிவும் அவ்வளவுப் பிஸ்டலையே இடுப்பில் வைத்திருக்கிறது. ஆனால் காலம் மிகக் குறைவு. பாயும் கரடி மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடும். முப்பது மீட்டர் தொலைவில் அது கண்ணில் பட்டால், உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்து, குறிபார்த்து, சுடுவதற்கு இரண்டு நொடிகளே உண்டு. இரண்டு நொடியில் .44 மேக்னத்தை ஒருமுறை சுட்டு, அதன் உதைப்பிலிருந்து மீண்டு, இரண்டாம் முறை குறிபார்ப்பவர் அரியர்.

இதைக் குறித்து எண்களும் உள்ளன. டாம் சுமித், ஸ்டீஃபன் ஹெரேரோ ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு, 1883 முதல் 2009 வரை அலாஸ்காவில் கரடிகளுக்கு எதிரே துப்பாக்கி இருந்த 269 நிகழ்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தது. கைத்துப்பாக்கி 84 விழுக்காட்டிலும் நீள்துப்பாக்கி 76 விழுக்காட்டிலும் கரடியைத் தடுத்தன. வலிமை குறைந்த கருவி சற்றே மேலாக நின்றது வியப்பளிப்பது, என்றாலும் கைத்துப்பாக்கி பயன்பட்ட நிகழ்ச்சிகள் நாற்பதுக்கும் குறைவு என்பதால் அவ்வேறுபாட்டின்மேல் எதையும் கட்ட முடியாது. முதன்மையான முடிவு வேறொன்று: கரடி பாய்ந்தபோது துப்பாக்கியைச் சுட்டவர்க்கும், கையில் வைத்திருந்தும் சுடாதவர்க்கும் நேர்ந்த காயங்களில் வேறுபாடு காணப்படவில்லை. இவ்விருவர் உள்ளிட்ட குழுவினர் 2008இல் வெளியிட்ட முந்தைய ஆய்வு, மிளகாயின் காரச்சத்தைப் பீய்ச்சும் கரடித் தெளிப்பான் அதே அலாஸ்காவில் பழுப்புக் கரடிகளின் வேண்டாத செயலை 92 விழுக்காட்டு நிகழ்ச்சிகளில் நிறுத்தியது என்றும், நெருக்கத்தில் அதைப் பயன்படுத்தியவர்களுள் 98 விழுக்காட்டினர் காயமின்றி மீண்டனர் என்றும் கண்டிருந்தது. தெளிப்பான் முகில்போல விரிவதால் அதற்குத் துல்லியமான குறி தேவையில்லை. கரடியும் உயிரோடு திரும்பிச் செல்கிறது.

ஆகவே கரடி நாட்டுக்குச் செல்பவர் முதலில் வாங்க வேண்டியது தெளிப்பானையே. அதற்கு மேலும் கைத்துப்பாக்கி வேண்டுமென்பவர், பத்து மீட்டர் தொலைவில் உள்ளங்கையளவு இலக்கில் இரண்டு நொடிக்குள் இருமுறை தம்மால் சுட முடிகிற மிகப் பெரிய தோட்டாவைத் தேர்ந்தெடுக்கலாம், அது .44 ஆக இல்லாமல் .357 ஆகவே இருக்குமானால், அவருக்கு உரிய குழல்விட்டம் அதுவே.